கடைசி வரிசைப் பெட்டி

மேடையிலிருந்து கடைசி வரிசைக்கு முப்பது மீட்டர். பெரியவன் டேப் பிடித்து இரண்டு முறை அளந்தான். சொந்தத் தம்பியின் நினைவுக் கூட்டம், ஒலி அமைப்புக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவன், கேட்பானா?

மேடை ஸ்பீக்கரின் சத்தம் கடைசி வரிசைக்கு வந்துசேரத் தொண்ணூறு மில்லி செகண்ட் ஆகும். பின்னால் வைத்த ஸ்பீக்கர் பெட்டியோ அவசரக் குடுக்கை, வயரில் வந்ததை அந்தக் கணமே உளறிவிடும். அதனால் அதைக் காக்க வைக்க வேண்டும். கூடவே இன்னும் பத்து சேர்த்தால், பெட்டி பக்கத்திலேயே இருந்தாலும் குரல் மேடையிலிருந்து வருவதாகத்தான் காது நம்பும். பின்னால் ஒரு பெட்டி இருப்பதே யாருக்கும் தெரியக் கூடாது என்பது பெரியவனின் சட்டம்.

சின்னவன் மேடையில் நின்று மைக்கில் எண்ணுவான். பெரியவன் கடைசியில் நின்று கேட்டு, சரியாக இருந்தால் கையைத் தூக்குவான். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது.

"மில்லி செகண்டுக்கு உயிரை விடுற, சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் லேட்டு" என்று சின்னவன் வம்புக்கு இழுப்பான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மதியம் சின்னவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பெரியவன் அப்போது வேறொரு மண்டபத்தில், போனை அணைத்துவிட்டு, பெட்டிகளுக்கு நேரம் வைத்துக்கொண்டிருந்தான். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாற்பது நிமிடம். கட்டிலருகே அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஏன்டா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சின்னவன் குரலென்று மிஞ்சியது பழைய சோதனைப் பதிவு ஒன்றுதான். கூட்ட முடிவில் அதைப் போடுவதாக ஏற்பாடு. மகன் போட்டோவுக்கு எதிரே உட்கார முடியாதென்று அம்மா முன்கூட்டியே வந்து கடைசி வரிசையில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவன் ஒருமுறை போட்டுப் பார்த்தான். நூறு மில்லி செகண்ட், அப்பழுக்கில்லை.

"தூரத்துல நிக்கிறான்டா" என்றாள் அம்மா.

சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினான்.

"சத்தம் வேணாம். கிட்ட வரச் சொல்லு."

"மேடைலேருந்து பேசுற மாதிரி வரணும்மா. அதுதான் சரி."

"மேடைல யாருடா இருக்கா?"

பெரியவன் ஒலி மிக்ஸருக்குப் போய்விட்டான்.

கூட்டம் நடந்தது. பேசியவர்கள் அத்தனை பேர் குரலும் மேடையிலிருந்தே வந்தது. கடைசியில் பதிவைப் போடும் நேரம். பெரியவன் பெட்டி காத்திருக்கும் நூறைப் பூஜ்யமாக்கினான்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." பின்வரிசைகளில் ஒவ்வொரு எண்ணும் இரண்டிரண்டாகக் கேட்டது. முதலில் அம்மாவின் காதோரம், பிறகு தொலைவிலிருந்து. தலைகள் திரும்பின. எங்கேயோ உட்கார்ந்திருந்த மாமா எழுந்து வந்து, "என்னப்பா, எதிரொலிக்குதே?" என்றார். பெரியவன் அவரைப் பார்க்கவில்லை.

அம்மா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, கன்னத்தை அதனருகே கொண்டுபோயிருந்தாள்.

"அண்ணே, பின்னாடி வந்து சேர்ந்துட்டனா?" என்றது பெட்டி.

"வந்துட்டடா கண்ணு" என்றாள் அம்மா. "வந்துட்ட."

பெரியவன் கண்ணைத் துடைக்காமல் கையைத் தூக்கினான். தப்பாக வைத்த பெட்டிக்கு அவன் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.