முதல் இருக்கை

கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாரணிக்கு அந்த அழைப்பு வந்தது. மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்ததால் மறுகாதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். கணவனோடு வேலை செய்யும் ஹஸன்தான் பேசினான்.

"அக்கா, டெஸ்ட்ல மோட்டார் வெடிச்சிருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. எல்லாரும் தள்ளிதான் இருந்தோம். சார் வீட்டுக்குக் கிளம்பிட்டாரு."

கீரை விற்கும் சுலோச்சனா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? கெட்ட சேதியா?"

"தெரியலம்மா," என்றாள் தாரணி. நிஜமாகவே தெரியவில்லை.

ஆட்களை விண்வெளியின் விளிம்புவரை ஏற்றிப்போய், சில நிமிடம் மிதக்கவிட்டு இறக்கப்போகும் கலம். அதற்கு ராக்கெட் மோட்டார் செய்யும் சிறிய கம்பெனியில் அவள் கணவன் சுப்புராயன் தலைமைப் பொறியாளன். போன வருஷம் ஒரு மேடையில், "என் மோட்டாரை நம்பி மத்தவங்க ஏறுறதுக்கு முன்னாடி நான் ஏறுவேன். முதல் சீட்டு எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் அவனை முன்வரிசைக்கு இழுத்துப்போனார்கள். தாரணியும் பக்கத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சோதனையும் நல்லபடியாக முடியும்போது வீட்டுக்கு இனிப்பு வரும். அது அவள் தொண்டையில் இறங்காது. ஏற வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. அவனுடைய இத்தனை வருஷ உழைப்பு அது.

ஆட்டோவில் அடையாறு திரும்பும் வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைத் தேடினாள். உள்ளே பொங்கியதென்னவோ நிம்மதிதான். வெட்கமாக இருந்தது.

சுப்புராயன் வந்ததும் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான். சட்டையில் கருகிய வாடை. ரசத்துக்கு மறுசோறு கேட்டான். அவன் அப்படிக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது.

"ரொம்ப சேதமாங்க?"

"எல்லாம் போச்சு. திரும்ப முதல்லேர்ந்துதான்." தட்டைப் பார்த்தபடியே பேசினான். "புகை அடங்கினதும் ஹஸன் என்னைக் கட்டிக்கிட்டு அழுதான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு, தாரணி. யார்கிட்டயும் சொல்லிடாத."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கும்தாங்க."

அவன் நிமிர்ந்தான். "ஒரு நாளும் நீ சொல்லலையே."

"நீங்க சொன்னீங்களா?"

முதலில் அவன் தோள்கள்தாம் குலுங்கின. அழுகிறானோ என்று பயந்து குனிந்து பார்த்தவள் தானும் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து ஓய்ந்தபின், "அடுத்த மோட்டார் நல்லா எரிஞ்சா ஏறுவீங்களா?" என்று கேட்டாள். அவன் மோர் கேட்டான்.

பாய்கூட விரிக்காமல் கூடத்துத் தரையிலேயே தூங்கிப்போனான். மேசைமேல் அவன் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. தாரணி அதை எடுத்துப்போய்க் கட்டிலில் ஒரு தலையணையின் அடியில் வைத்து, இன்னொன்றையும் மேலே போட்டாள். இரண்டுக்கும் அடியிலிருந்து அது முனகிக்கொண்டே இருந்தது.