பப்பாசியில் பால் வெட்டியவள்

லயத்து வீட்டு வரிசையில் எனக்கும் பக்கத்துக் காம்பரா ஷாமிளாவுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அதில் ஒரு ஓட்டை. அதை நான் போடவில்லை. கொஞ்சம் பெரிதாக்கியதோடு சரி.

ஷாமிளா தெஹியோவிட்டப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் பதினொரு வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறாள். அட்டைக்கடி போதும், தோட்டத்துக் கெண்டினில் சமையல் வேலைக்குப் போய்விட வேண்டும் என்று ஒரே துடிப்பு. பெரிய கிளாக்கர் கணேசலிங்கம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு சோதனை வைத்தார். புதன்கிழமை பகலுக்கு ஆட்டிறைச்சிக் கறி வர வேண்டும். ருசித்தால் வேலை.

இவளுக்குக் கிடைத்ததோ கிழட்டுக் கிடா. லொறி டயர்கூட அதைவிடச் சீக்கிரம் வெந்துவிடும். "பப்பாசி போட்டு ஊறவைங்க" என்றாளாம் இறைச்சிக்கடை நஸ்லின். மரத்தில் எதை, எவ்வளவு என்று சொல்லவில்லை.

செவ்வாய் காலை ஒரு துண்டை இலையில் சுற்றி வைத்தாள். இறைச்சி கொஞ்சமும் இளகவில்லை. இன்னொன்றில் பழத்தைப் பிசைந்து பூசினாள். எறும்புதான் வந்தது. பிறகு பால் வெட்டுக்காரி மூளை வேலை செய்தது. கத்தியை எடுத்துப்போய், வாசல் மரத்துப் பச்சைக் காய்களில் ரப்பர் மரத்தில் போடுகிற மாதிரியே சாய்வாகக் கீறி, கீழே சிரட்டை கட்டினாள்!

"ஏன்டி, முழுச் சிரட்டையுமா ஊத்துற?"

"பால பத்தி எனக்கே சொல்லித் தாறீங்களா அக்கா? ஓட்டை வழியா பாத்தது போதும், உள்ள வாங்க."

பேசினில் இறைச்சியைப் போட்டு வெறுங்கையால் அரைமணி நேரம் பிசைந்து மூடிவைத்தாள்.

மறுநாள் காலை பேசினைத் திறந்தாள். துண்டு என்று ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். எலும்புகள் நக்கிவிட்டது போல வழவழவென்று மேலே கிடந்தன. விரலை விட்டேன்; மூக்குச்சளி போல நூலிழுத்தது. கவிச்சியும் கசப்புமாக ஒரு வாடை தொண்டை வரை வந்தது. லயத்து நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அது செத்த எலியையே விடாத நாய்.

"கெண்டின் போச்சுக்கா" என்று அழுதவள், திடீரென்று கூழைத் துணியில் போட்டுப் பிழிந்தாள். "கட்லட் செஞ்சிர்றேன்."

"அனே, இதயா மனுசருக்குக் குடுக்கப் போற?"

"கிழங்கும் மிளகும் அள்ளிப் போட்டா யாருக்குத் தெரியும்?"

பொரித்ததும் வாசனை நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்து ஆபீசுக்குத் துணைக்குப் போன நானும் வழியில் ஒன்றை வாயில் போட்டேன். சும்மா, உப்புப் பார்க்கத்தான்.

"கறியெல்லோ கேட்டனான்" என்றார் கிளாக்கர் ஐயா. மூன்றாவதைக் கடித்துக்கொண்டே, "பறவாயில்லை பிள்ளை, வாயில வைக்கக் கரையுது. மெசினில விரலை வை, பேரைக் கெண்டினுக்கு மாத்துவம்" என்றார்.

வரவு பதிகிற மெசின் சிவப்பாகக் கத்தியது. பெருவிரலுக்கும் கத்தியது, மற்ற விரல்களுக்கும் கத்தியது. ஐயா அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனிகள் தோலுரிந்து, ரேகையே இல்லாமல், பிறந்த எலிக்குஞ்சு போலச் சிவந்து மினுங்கின.

"என்ன இது?"

"பப்பாசிப் பால்ல இறைச்சி பிசைஞ்சேங்க ஐயா."

"ஐயோ பிள்ளை! கரைக்கிற சத்து இலையில கொஞ்சம், பழுத்தால் இல்லையெண்டே சொல்லலாம். பச்சைக் காய்ப் பாலிலதான் முழு வீரியமும். இறைச்சியைக் கரைக்கிற சாமான். ஆட்டிறைச்சி எது, மனுசத் தோல் எதெண்டு அதுக்குத் தெரியுமே..."

அவள் விரலைப் பார்த்தார். கையிலிருந்த பாதிக் கட்லட்டைப் பார்த்தார்.

"கட்லட் எதால பிடிச்சனீ?"

"கையாலதாங்க."

"உரிஞ்ச தோல் எங்க?"

ஷாமிளா கட்லட் கொண்டுவந்த பேசினைப் பார்த்தாள். நான் வாசலுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ஐயா ஓடிக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமையில் விரல் ஆறியது. மெசின் அவளை ஏற்றுக்கொண்டது, பால் வெட்டுக்காரியாகவே. கிளாக்கர் ஐயா இப்போது மரக்கறி மட்டும்தான். கதிர்காமத்துக்கு நேர்த்தி என்று சொல்லித் திரிகிறார்.