இந்திராணியின் கை பட்ட எஞ்சின்கள்

பதினாறாம் நாள் காலை பொன்னேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் பேனர் வந்தது. பந்தலுக்கு முன்னால் சவுக்குக் கம்பு நட்டு, சிங்காரம் கூடவே நின்று கட்ட வைத்தார். இந்திராணியின் தாய்மாமன் அவர். தசரதன் கீழே நின்று படித்தான்.

'பொறியாளர் தசரதன் அவர்களின் அன்பு மனைவி திருமதி இந்திராணி. கண்ணீர் அஞ்சலி.'

மூன்று தடவை படித்தான். பதினாறு நாளாக அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்று சொன்ன டாக்டரின் முகம்கூட நினைவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான், படு என்றால் படுத்தான். இப்போதுதான் உறைத்தது.

"மாமா, யாரு பொறியாளர்?"

"இன்னா மாப்ளே இப்படிக் கேக்கற? நீதான்."

"நான் ஹிஸ்டரி வாத்தியார்."

"அது ஸ்கூல்ல." சிங்காரம் குரலைத் தாழ்த்தினார். "அவளை இஞ்சினியர்னு போட்டா, அப்போ ஊரு போட்டுங்க எஞ்சின்ல கை வெச்சது யாருன்னு எவனாவது கேப்பான். போனவ போயிட்டா. இருக்கறவன் கடலுக்குப் போவ வேணாவா?"

கடலுக்குப் போகிற போட்டில் பெண் ஏறக்கூடாது, அதன் எஞ்சினைத் தொடவும் கூடாது என்பது அந்தக் குப்பத்தின் கட்டு. தொட்டால் எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட வேண்டும். ஆடியில் கங்கையம்மனுக்குப் படையல் போட்ட பிறகுதான் திரும்ப மாட்டலாம். இது மாசி மாதம்.

இந்திராணி மெக்கானிக்கல் படித்தவள். மீஞ்சூர்ப் பக்கம், கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்புகளுக்கு அவள் பொறுப்பு. ஷிப்டு முடிந்து பஸ் பிடித்து வந்தால், முகம் கழுவியதும் கொல்லைக் கொட்டகைக்குப் போய்விடுவாள். அங்கேதான் அந்தக் கார் நின்றது. 1966ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஆரம்பாக்கத்தில், தசரதன் வீட்டு நெல் குதிருக்குப் பக்கத்தில் இருபது வருஷமாகக் கோழி அடைந்துகொண்டிருந்த கார் அது. யாரோ சொல்லி, அதைக் கேட்டு வந்தாள். வாசலில் நின்று அவன் அப்பாவிடம் பேசும்போதே குனிந்து காருக்கு அடியில் நுழைந்துவிட்டாள். சேற்றில் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆறு மாதம் கழித்துக் காரும் வந்தது, அவனும் வந்தான். "கார் வாங்கனா மாப்ளே இலவசம்" என்று குப்பமே சிரித்தது.

நாலு வருஷம் அந்தக் காரோடு மல்லுக்கட்டினாள். பழவேற்காட்டு ஏரிக்காற்றில் உப்பு. பெயிண்டு அடித்தாலும் பத்தாம் மாதம் துரு. கடைசியில் மரப்படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயைக் காய்ச்சிச் சட்டம் முழுக்கப் பூசினாள். துரு நின்றது. நாற்றம் நின்றபாடில்லை. சென்னையில் பழைய கார்க்காரர்கள் கூடியபோது பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க வண்டிங்க மழை பேஞ்சா வூட்ட வுட்டு வெளிய வராது சார். இது கடலாண்ட நிக்குது" என்றாள்.

முதன்முதலாக எஞ்சின் கொண்டுவந்தது சிங்காரம்தான். வலையில் சுற்றி, மதிய வெயிலில், ஊர் கண்ணயர்ந்த நேரத்தில். இந்திராணி இரண்டு மணி நேரத்தில் ஓட வைத்தாள். 'வாத்தியார் ரிப்பேர் பண்ணார்' என்று சிங்காரம் வெளியே சொன்னார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வலை மூட்டை வந்தது. கொடுத்தவர்களுக்கு உண்மை தெரியும். மற்றவர்கள் கேட்கவில்லை. தசரதன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். வேலை முடிந்ததும் அவள் வந்து அவன் இரண்டு கையிலும் கிரீஸ் பூசுவாள்.

"ஷோக்கா கீற, இஞ்சினியர் சார்."

"உனக்குக் கோவமே வராதா?"

"எஞ்சின் ஓடுதா இல்லியா? அதைச் சொல்லு."

பள்ளிப் பிள்ளைகளைப் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போய்வந்த ஒருநாள் அவளிடம் சொன்னான், அங்கே பெண்களின் கல்லில்கூட இன்னாருடைய மனைவி என்றுதான் வெட்டியிருக்கிறது என்று. "முந்நூறு வருஷமாவா?" என்று சிரித்துவிட்டு ஸ்பேனரைத் தேடப் போனாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன்னையே அறைய வேண்டும்போல் இருந்தது.

பத்து மணிக்குப் படம் திறந்தார்கள். ஊர்த் தலைவர் பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்தார்.

"நல்ல பொண்ணு. அடக்கமான பொண்ணு. புருஷன் அவளுக்காகப் பழைய காரை ரெடி பண்ணிக் கொடுத்தார். நம்ம ஊரு எஞ்சினுங்களுக்கும் அவர்தான் டாக்டரு. அப்படிப்பட்ட புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்."

பெண்கள் அழுதார்கள். இந்திராணியின் அம்மா கஸ்தூரியம்மாள் மட்டும் அழாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"படத்தை அந்தக் கார்லயே வெச்சு முகத்துவாரம் வரைக்கும் எடுத்துப்போவலாம்" என்றார் பொன்னுரங்கம். "வாத்தியாரே, வண்டியை எடு."

தசரதன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். கார் முனகி நின்றது. மறுபடி திருப்பினான். மறுபடி முனகல்.

"பாவம், துக்கத்துல கை ஓடல" என்றது ஒரு குரல்.

அந்தப் பரிவுதான் அவனைக் கீழே இறக்கியது. மைக்குக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க. இந்தக் கை சாக்பீஸ் பிடிச்ச கை. இந்தக் காரை எப்படி ஸ்டார்ட் பண்றதுன்னே எனக்குத் தெரியாது. இதைச் செஞ்சது இந்திராணி. உங்க எஞ்சினுங்களைச் செஞ்சதும் இந்திராணி. என்னை இஞ்சினியர்னு சொல்லி உட்கார வெச்சீங்க. நானும் வெக்கமில்லாம உட்கார்ந்தேன்."

"மாப்ளே!" என்று சிங்காரம் ஓடிவந்தார். தசரதன் அவர் கையை உதறினான்.

பொன்னுரங்கத்தின் முகம் கறுத்தது. "இன்னா பேச்சு பேசற? பொம்பள தொட்ட எஞ்சினா? ஊர்க்கட்டு இன்னான்னு தெரியுமா?"

"தெரியும். கழட்டுங்க. அவ கை பட்டது மொத்தம் இருபத்திரண்டு. ஒண்ணுவிடாம கழட்டிக் கரையில அடுக்குங்க. ஆடி வரைக்கும் துடுப்பு போடுங்க. தை மாசம் உங்க எஞ்சின் நடுக்கடல்ல நின்னுதே தலைவரே, அதுலேர்ந்து ஆரம்பிங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் மணலைப் பார்த்தார்கள்.

கஸ்தூரியம்மாள் எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் காருக்குப் போனாள். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் வாய் பிளப்பதுபோல் முன்னால் சாயும். அவள் இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்து அதைச் சாய்த்தாள். சுறா எண்ணெய் நாற்றம் பந்தலுக்குள் வந்தது.

"நாலு வருஷம் டார்ச்சு பிடிச்சேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "ரொம்ப நாள் நின்னா பெட்ரோல் மேல ஏறாது. இந்தக் குட்டிக் கம்பியை ஏழெட்டு தபா அடிக்கணும்." எஞ்சினுக்குள் கைவிட்டு அடித்தாள். ஊர் முழுக்கப் பார்த்தது. "தசரதா, ஏறு. சோக்கைப் பாதி இழு. ஆக்சிலேட்டர்ல காலை வெக்காதே. இப்ப திருப்பு."

கார் ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓட ஆரம்பித்தது.

முகத்துவாரம்வரை காருக்குப் பின்னால் பெண்கள்தான் நடந்தார்கள். திரும்பி வந்ததும் கஸ்தூரியம்மாள் போட்டுக்குப் பெயர் எழுதுகிற கறுப்புப் பெயிண்டை எடுத்துவந்து, பேனரில் 'தசரதன் அவர்களின் அன்பு மனைவி திருமதி' என்ற வார்த்தைகளைப் பூசி மறைத்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். எதுவரை என்று தசரதன் விரலால் காட்டினான். 'பொறியாளர்' மிஞ்சியது, 'இந்திராணி' மிஞ்சியது.

மறுநாள் விடிகாலை இருபத்திரண்டு போட்டும் கடலுக்குப் போயின. ஒரு எஞ்சினும் கழற்றப்படவில்லை. அவள் பெயரையும் எவரும் சொல்லவில்லை. தசரதன் கரையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டான். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

நாலாம் நாள் மதியம் பொன்னுரங்கம் கொல்லைப்பக்கமாக வந்தார். தோளில் வலை மூட்டை. அதை மணலில் இறக்கிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நடந்ததை மனசுல வெச்சுக்காத வாத்தியாரே. இது திரும்ப மக்கர் பண்ணுது. உனக்குத் தெரிஞ்ச ஆளு யாராவது..."

"பொறியாளர் செத்து இருபது நாள் ஆவுது. வாசல்ல எழுதியிருக்கு. நீங்க பின்பக்கமா வந்துட்டீங்க."

பொன்னுரங்கம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மீஞ்சூர்ல அவகூட வேலை பார்த்த காந்தா இருக்காங்க. அவங்க பார்ப்பாங்க. அவங்களும் பொம்பளதான். ஆனா இதை மூடி எடுத்துப்போவக் கூடாது. வலையைப் பிரிங்க. கோயில் தெரு வழியா, எல்லாரும் பார்க்க எடுத்துப்போங்க. அப்படின்னா போன் நம்பர் தரேன்."

பொன்னுரங்கம் மூட்டையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு வலையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். நைலான் முடிச்சு, இறுகிக் கிடந்தது. தசரதன் கைகொடுக்கவில்லை.