ரத்தினம்மாவின் சாவு

அக்கரை நாட்டிலிருந்து ஆட்கள் வந்து குண்டு வைத்துக்கொண்டிருந்த அந்த வருஷம், சிங்கப்பூரில் கேட்பாரற்று ஒரு பை கிடந்தால் போதும், தெருவே ஒதுங்கி நடந்தது. வள்ளிநாயகி தபால்காரனைக்கூட சன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்தான் அந்த இருவரும் புகுந்தார்கள். ஜாலான் புசார் தெருவில் குண்டு வைக்கப் போன இடத்தில் காவலாளி பார்த்துவிட, போலீஸ் துரத்த, கையில் துப்பாக்கியோடு பின்படி ஏறி மாடிக்கு வந்துவிட்டார்கள். அந்தப் படி அவளுக்கும் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவுக்கும் பொது. காலையில் கீழ்க்கதவைத் தாழிட்டது வள்ளிநாயகிக்கு நன்றாக நினைவிருந்தது. அப்படியானால் திறந்தது யார்?

பெரியவன் சன்னல் திரையை விலக்கி, தெருவில் நின்ற போலீசுக்கு மலாயில் கத்திச் சொன்னான்: படகு வேண்டும். இருட்டுவதற்குள் வராவிட்டால் முதலில் சிறுமி.

கணவர் விஸ்வலிங்கம் அலுவலகத்தில் இருந்தார். வீட்டில் அவளும் மகள் லீலாவும் மட்டும். காய்ச்சலில் கிடந்த பிள்ளை, அலமாரியை ஒட்டிப் பாயில் படுத்திருந்தாள். இளையவன் அந்த அலமாரியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, தண்ணி வேணும்" என்று லீலா முனகினாள்.

வள்ளிநாயகி அதை மலாயில் சொல்லி அனுமதி கேட்க வாயெடுப்பதற்குள் அவன் கண் கூஜாவின் பக்கம் போய்த் திரும்பியது. இவனுக்குத் தமிழ் தெரியுமோ? தெரிந்தால், இதுவரை பிள்ளையிடம் என்னென்ன சொன்னோம்?

மத்தியானம் பக்கத்து வீட்டில் பறை அடிக்கத் தொடங்கியது. கூடவே பெண்களின் ஓலம்.

"என்ன அது?" என்றான் பெரியவன்.

"சாவு."

"யார்?"

அவள் காதுகொடுத்தாள். 'ரத்தினம்மா போயிட்டியே' என்று பல குரல்கள். நேற்று மாலைகூட வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் நின்று மீன்காரனோடு வாயாடியவள். இவர்கள்தான் வழியில் அவளைக் கொன்றுவிட்டு வந்தார்களா? கதவைத் திறந்தவள் என்று காலையிலிருந்து மனதுக்குள் வைதுகொண்டிருந்தது ஒரு பிணத்தையா? பத்து வருஷமாக ரத்தினம்மா நீட்டிய எந்தப் பலகாரத்தையும் அவள் வாயில் வைத்ததில்லை. யாழ்ப்பாணத்து வீட்டின் சுத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இப்போது அந்தச் சொல் அவளுக்கே அசிங்கமாகப் பட்டது.

அப்போதுதான் மற்றக் குரல்களை அமுக்கிக்கொண்டு ஒரு குரல் மேலே வந்தது. கொஞ்சம் கரகரப்பு, வரியின் முடிவில் ஓர் இழுப்பு. தினமும் சுவருக்கு அந்தப்புறம் புருஷன் மருதப்பனை வைகிற அதே தொண்டை.

ரத்தினம்மா தன் சாவுக்குத் தானே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்.

வள்ளிநாயகி முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். என்ன கூத்து இது? யாரை ஏமாற்ற? எங்களையா, இவர்களையா?

"பக்கத்து வீட்டுக்காரி செத்திருக்கிறாள், உனக்கு அழுகை வரவில்லையே" என்றான் பெரியவன். குரலில் சந்தேகம் ஏறியிருந்தது.

"எங்களுக்குள் பேச்சில்லை."

"பேச்சில்லாவிட்டாலும் அழுவார்கள். என் ஊரிலும் அப்படித்தான்."

பறை வேகமெடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் அடியில் இன்னொரு சத்தம், மந்தமாக, அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. தரையோரம் சுண்ணாம்புத் தூள் மெல்ல உதிர்ந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. அது பொதுச்சுவர். மறுபக்கம் இடிக்கிறார்கள்.

இடிகிற இடத்தில்தான் பிள்ளை படுத்திருந்தாள்.

அவள் மார்பில் அறைந்துகொண்டு அழத் தொடங்கினாள். சத்தத்தை மறைப்பதற்காகத்தான் தொடங்கினாள். தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. பெரியவன் வெறுப்போடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒப்பாரி தெளிவாக வந்தது:

"அடுத்த வீட்டு மகராசி, அலமாரி ஓரம் ஆகாதம்மா... வாசப் பக்கம் வந்திரம்மா, வாடும் புள்ளைய தூக்கிக்கிட்டு..."

வள்ளிநாயகியின் கண் அவளை மீறி இளையவனிடம் போனது. அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை.

தெரியும். இவனுக்குத் தமிழ் தெரியும்.

ஒரு சொல் போதும் அவனுக்கு. பெரியவன் மூன்றடி தள்ளி நின்றான். அவள் எழுவதற்குள் இளையவன் எழுந்தான். குனிந்து பாயின் நுனியைப் பிடித்து, லீலாவோடு சேர்த்து அதை வாசல் பக்கம் இழுத்தான். பிள்ளையைக் கேடயமாகக் கதவில் போடுகிறானா? அவள் தவழ்ந்துபோய்ப் பாயின் மேல் கவிழ்ந்து விழுந்தாள்.

"என்ன செய்கிறாய்?" என்று பெரியவன் திரும்பினான்.

"அங்கே தூசி. இருமித் தொலைக்கும்" என்றான் மற்றவன்.

அலமாரி முகங்குப்புற விழுந்தது. செங்கல், புழுதி, காக்கிச் சட்டைகள், ஒரு வெடிச்சத்தம். அவள் கண் திறந்தபோது பெரியவன் சன்னலடியில் கிடந்தான். இளையவனின் கைகளைப் பின்னால் மடக்கியிருந்தார்கள். அவன் துப்பாக்கி பாய் கிடந்த இடத்தில் செங்கல்லுக்கு நடுவே கிடந்தது. லீலா அவளுக்கடியில் நெளிந்து, "அம்மா, மூச்சு முட்டுது" என்றாள்.

சுவர் ஓட்டை வழியாக ரத்தினம்மா தலையை நீட்டினாள். தொண்டை கட்டியிருந்தது. "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே? செத்தவ கேக்குறேன், சொல்லும்மா."

"ஒண்டுமில்லை" என்றாள் வள்ளிநாயகி. பிறகு, கேட்காமலிருக்க முடியாமல், "கீழ்க்கதவு..." என்றாள்.

"தாழ்ப்பாள ஒடச்சிட்டுல்ல வந்தானுங்க, பாவிங்க. எம்மேல சந்தேகப்பட்டியாக்கும்?"

வள்ளிநாயகி லீலாவின் தலையில் படிந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். ரத்தினம்மா சிரித்தாள்.

கீழே இன்ஸ்பெக்டர் ஜெயரத்தினம் வாக்குமூலம் எழுதினார். "அந்தச் சின்னவனுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஒப்பாரிய வெளங்கிட்டுப் பேசாம இருந்திருக்கான். சுவர் தன் மேல விழும்னு நகர்ந்திருப்பான். அவ்வளவுதான் லா."

"அப்பிடியும் இருக்கலாம்."

"நீங்க அவனுக்காகப் பேசுறீங்களா அம்மா?" அவர் பேனாவை நிறுத்தி அவளை உற்றுப் பார்த்தார். காலையிலிருந்து அவள் எல்லோரையும் பார்த்த அதே பார்வை.

வள்ளிநாயகி மடியில் தூங்கிவிட்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு அப்படியே இருந்தது.

"அவன் குண்டு வைக்க வந்தவன். எழுதுங்கோ. பாயை இழுத்ததும் அவன்தான். ஏன் இழுத்தான் எண்டு எனக்குத் தெரியாது. அதையும் எழுதுங்கோ."