வெங்காயத்துக்கு ஒரு ஃபேன்

என் கணவர் செத்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தபந்தமெல்லாம் பேசியது. பேசட்டும், எனக்கென்ன! ஆனால் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கவே மாட்டேன் என்றது. ஒரு வாய்ச் சோறுகூட உள்ளே போகவில்லை.

"வெங்காயம் நறுக்கியாவது அழுதுடேன்க்கா," என்றாள் தங்கை.

நடக்கிற காரியமா? அவர் எலக்ட்ரீஷியன். கல்யாணமான புதிதில் வெங்காயம் நறுக்கும்போது நான் கண்ணைக் கசக்குவதைப் பார்க்கச் சகிக்காமல், யாரோ தூக்கிப்போட்ட மேசை ஃபேனைச் சரிசெய்து, வெட்டும் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். காற்று குறுக்கே அடித்து, நெடியை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடும். "அழணும்னா என்கூட சண்டை போட்டு அழு. வெங்காயத்துக்கெல்லாம் அழாதே," என்பார். இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

அவர் போன பிறகு நான் அந்த ஸ்விட்சைத் தொட்டதே இல்லை. ஆனாலும் வெங்காயத்தில் கத்தி இறங்கியதும் ஃபேன் தானாகச் சுற்றியது. தினமும். அவருடைய கூட்டாளி வந்து பிரித்துப் பார்த்தார். "வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு, அண்ணி," என்றவர், கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

நேற்று மத்தியானம் தங்கையைப் பக்கத்தில் நிற்கவைத்து, பிளக்கைப் பிடுங்கி மேடைமேல் போட்டேன். வெங்காயத்தை வெட்டினேன். ஃபேன் சுற்றியது. தங்கை "ஐயோ!" என்று வாசலுக்கு ஓடினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உயிரோட இருந்தப்பதான் எல்லாம் உங்க இஷ்டம். செத்த பிறகும் என்னை அழ விடமாட்டீங்களா? சொல்லாம கொள்ளாம போயிட்டு, இப்ப மட்டும் என்ன அக்கறை? போங்க! போய்த் தொலைங்க!"

இறக்கைகள் மெதுவாகி, நின்றன. நெடி கண்ணில் ஏறியது. தரையில் உட்கார்ந்து, தொண்டை வற்றும்வரை வாய்விட்டு அழுதேன். சண்டை போட்டு அழு என்றாரே, அப்படித்தான் அழுதேன். பிறகு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

இன்று காலை பிளக்கை நானே மாட்டிவைத்துவிட்டு வெங்காயத்தை எடுத்தேன். ஒன்று வெட்டினேன். இரண்டு, மூன்று. இப்போது கூடையே காலி. கண் எரிகிறது.

"ஏதோ கோவத்துல சொல்லிட்டேங்க," என்கிறேன்.

ஃபேன் அசையவில்லை.