வயிறு சரியில்லை

சம்பந்தம் பேசி முடிவாகிவிட்டால் பெண் வீட்டில் கை நனைக்க வேண்டும். அதுவரைக்கும் எத்தனை தடவை போய்வந்தாலும் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கக்கூடாது. முடிவான பிறகு சாப்பிடாமல் எழுந்துவரக்கூடாது. சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அமராவதிக்கு வந்த சங்கடம் என்னவென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வயிற்றில் மொத்தமே நாலு ஸ்பூன் சோற்றுக்குத்தான் இடம் இருந்தது.

அவள் ஒன்றும் பிறவியிலேயே கொறிக்கிறவள் இல்லை. இட்லி என்றால் எட்டு, பிரியாணி என்றால் எலும்பு வரைக்கும். நூற்று இருபத்தொரு கிலோவும் நானூறு சுகருமாக, தான் வேலை பார்க்கிற கடலூர் கூட்டுறவு ஆபீஸின் பதினெட்டுப் படிகளை ஏற மாட்டாமல் நடுப்படியில் உட்கார்ந்து அழுத அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்குத் தலையாட்டினாள். 2011 மாசியில், சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், வயிற்றில் முக்கால்வாசியை வெட்டியெடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைப்பழ மொத்தத்துக்குத் தைத்து அனுப்பினார்கள். கூடவே ஒரு தாளும் கொடுத்தார்கள். சின்னக் கிண்ணத்தில் அளந்து போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாயையும் இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, இனிப்பு கூடவே கூடாது. மூக்கு ஒழுகினாலோ ஒரு விக்கல் வந்தாலோ வயிறு நிறைந்துவிட்டது, அதற்கு மேல் ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது.

வயிறு போன சேதி வாய்க்குத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. பக்கத்து வீட்டில் ரசம் தாளித்தால் அவளுக்குக் கண் கலங்கியது. ஒருநாள் ஆசைப்பட்டு இரண்டு ஸ்பூன் தயிர்சாதம் கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் வரை நுரைநுரையாகக் கக்கிக்கொண்டு பாத்ரூம் தரையில் கிடந்தாள். முப்பது கிலோ இறங்கியது, தலைமுடியும் கொத்துக்கொத்தாகக் கூடவே போனது. என்ன சீக்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் தைராய்டு என்று சொல்லச் சொல்லியிருந்தார் அவள் கணவர் கொளஞ்சியப்பன். "ஆபரேஷன்னு தெரிஞ்சா பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? நம்மள சீக்குக் குடும்பம்னுவான்" என்பது அவர் கட்சி.

பையனோ பெண்ணை அவனே பார்த்து வைத்திருந்தான். செம்பியனும் மாலதியும் அண்ணாமலை நகரில் ஒன்றாகப் படித்தவர்கள், இப்போது சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை. மாலதியின் அப்பா தேவசகாயம் பல்கலைக்கழகத்தில் லேப் அசிஸ்டென்ட், அம்மா ஜெயராணி டீச்சர். கீரப்பாளையம் பக்கத்துக் காலனியிலிருந்து படித்து மேலே வந்த குடும்பம். கொளஞ்சியப்பனோ ஊர்த்தெருக்காரர், நிலம் நீச்சு உள்ளவர், கடலூரில் உரக்கடை. மூன்று மாதம் வீட்டில் ரணகளம். அமராவதிதான் மகன் பக்கம் நின்று கத்தினாள், பேசாமல் இருந்தாள், கெஞ்சினாள். போன வாரம் திடீரென்று கொளஞ்சியப்பன், "சரி, போய் கை நனைச்சிட்டு வருவோம்" என்றார். ஏன் மனசு மாறினீர்கள் என்று கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள அவளுக்குப் பயம்.

"நான் சாப்புட முடியாதே, உண்மைய சொல்லிட்டா என்ன?" என்று மட்டும் பஸ்ஸில் கேட்டாள்.

"மூச்சு விட்ட, அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவேன்" என்றார்.

செம்பியனோடு சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தபோது மணி பன்னிரண்டரை. பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸில் சின்ன வீடு. வாசலிலேயே பிரியாணி வாசனை அவளைக் கையைப் பிடித்து இழுத்தது. ஹாலில் பாய் விரித்து, புதுச் சில்வர் தட்டுகள் வைத்திருந்தார்கள். தட்டின் விளிம்பில் கடை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர்களுக்கென்றே வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அமராவதிக்கு நெஞ்சு கனத்தது.

ஜெயராணி தட்டு நிறைய வைத்தாள். பிரியாணி, கோழி வறுவல், முட்டை, ஓரத்தில் பிரெட் அல்வா. அமராவதி ஒரு வாய் எடுத்து மென்றாள். பத்து, பதினைந்து, இருபத்தைந்து. ஜெயராணி நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாய். செம்பியன் அதற்குள் ஒரு தட்டை முடித்து மறுபடி வாங்கிக்கொண்டான். நாலாவது வாயில் அமராவதியின் மூக்கு ஒழுகத் தொடங்கியது. கையைத் தட்டில் வைத்தபடி சும்மா இருந்தாள்.

"என்ன அண்ணி, கோழி கொத்துற மாரி கொறிக்கிறீங்க? காரம் ஜாஸ்தியா?"

"இல்லீங்க அண்ணி, நல்லாருக்கு. வந்து..." அமராவதி கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "வயிறு சரியில்ல."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெயராணியின் முகம் கதவு சாத்தினதுபோல் ஆகிவிட்டது.

அந்த வார்த்தையின் அர்த்தம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊர்த்தெருக்காரர்கள் காலனி வீட்டு விசேஷத்துக்கு வந்தால் சொல்கிற வார்த்தை அது. மொய் வைப்பார்கள், சிரிப்பார்கள், பந்திக்குக் கூப்பிட்டால் 'வயிறு சரியில்ல' என்பார்கள். மூடி போட்ட பாட்டிலில் கலர் வாங்கிக் கொடுத்தால் மட்டும் குடிப்பார்கள். அமராவதியே சொல்லியிருக்கிறாள். ஆபீஸ் பியூன் முத்தம்மாள் வீடு கட்டிக் குடிபோனபோது, இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, சோடா மட்டும் குடித்துவிட்டு, வழியில் ஓட்டலில் இறங்கி வயிறாரச் சாப்பிட்டவள் அவள். வயிறு நன்றாக இருந்தபோது சொன்ன பொய்யை, வயிறே இல்லாதபோது யார் நம்புவார்கள்?

"பரவால்லீங்க. மாலதி, போய் கடையில கூல்டிரிங்ஸ் வாங்கியா. மூடி தெறக்காம வாங்கியா" என்றாள் ஜெயராணி. குரலில் கோபம்கூட இல்லை.

மாலதி செம்பியனைப் பார்த்தாள். செம்பியன் அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை அமராவதியால் தாங்க முடியவில்லை.

"வேணாம்மா, உக்காரு. சும்மா சொன்னேன்" என்று பெரிய கவளமாக உருட்டி வாயில் போட்டாள். மெல்லாமல் விழுங்கினாள். அடுத்தது. அடுத்தது. விக்கல் வந்தது. அதை அமுக்கிக்கொண்டு கோழியைப் பிய்த்தாள். நெஞ்சுக்குழியில் யாரோ முட்டி போட்டு அழுத்துவதுபோல் வலித்தது. அல்வாவையும் அள்ளிப் போட்டுக்கொண்டாள். "ரொம்ப நல்லாருக்கு அண்ணி. இன்னும் கொஞ்சம் வைய்யுங்க." ஜெயராணியின் முகம் மெல்லத் திறந்ததைப் பார்த்தாள். கடவுளே, ஒரு கால் மணி நேரம், ஒரு கால் மணி நேரம் மட்டும் உள்ளே இருக்கட்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டாள்.

ஐந்து நிமிஷம்கூட இருக்கவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள, எழுந்து தடுமாறிப் பின்கட்டுக்கு ஓடினாள். துணி துவைக்கிற கல்லருகே மொத்தமும் வந்துவிட்டது. அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

நிமிர்ந்தபோது ஜெயராணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கண் நிறைய நீர். "எங்க வூட்டு சோறு அவ்ளோ கொமட்டுதா? புடிக்கலன்னா வாசல்லயே சொல்லிட்டுப் போயிருக்கலாமே. இப்புடி அக்கம்பக்கம் பாக்க கக்கிட்டுப் போவணுமா?"

"அய்யோ, இல்ல அண்ணி, சத்தியமா இல்ல." வெட்கம் மானம் பார்க்கிற நேரமா அது? அமராவதி புடவையை ஒதுக்கினாள். தொளதொளவென்று தொங்கிய வயிற்றுத் தோலில் ஐந்து தழும்புகள். "பாருங்க. வயித்தையே வெட்டி எடுத்துட்டாங்க. நாலு ஸ்பூன்தான் எறங்கும். எங்க வூட்டு சோறா இருந்தாலும் இப்புடித்தான் வெளிய வரும். சொல்லக்கூடாதுன்னு அவரு சொன்னாரு, அதான் சொல்லல. உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன், புள்ளைங்களப் பிரிச்சிடாதீங்க."

ஜெயராணி குனிந்து ஒவ்வொரு தழும்பாகப் பார்த்தாள். பிறகு வாளியில் தண்ணீர் மொண்டு, அமராவதியின் முகத்தைத் தானே கழுவிவிட்டாள். முந்தானையால் துடைத்தாள். புடவையைச் சரிசெய்து விட்டாள். அமராவதி குழந்தைபோல் விம்மினாள். பிழைத்தோம் என்று அவளுக்குத் தோன்றிய நிமிஷம் அது.

"உங்கள நம்பறேன் அண்ணி" என்றாள் ஜெயராணி. "அவருக்கு என்னா ஆபரேஷன்?"

அமராவதிக்குப் புரியவில்லை.

"உங்க வூட்டுக்காரரு. உக்காந்ததுலேருந்து ஒரு பருக்கை தொடல. அவருக்கு எந்த வயித்த வெட்டுனாங்க?"

தன் தட்டையும் தன் மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்துத் தட்டைப் பார்க்கவே இல்லை. ஹாலுக்கு ஓடினாள். அவர் தட்டில் பிரியாணி வைத்த மேடு வைத்தபடியே இருந்தது. அல்வாவில் ஏடு கட்டியிருந்தது. கொளஞ்சியப்பன் எழுந்து நின்று சட்டையை நீவிக்கொண்டிருந்தார். கை காய்ந்திருந்தது.

"என்னங்க, சாப்புடலயா?"

"நீ அங்க கக்கிக்கிட்டுக் கெடக்கற, எனக்கு எப்புடி எறங்கும்? கெளம்பு, ஒடம்பு முடியாதவள வச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது." தேவசகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க சார். இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

போன வாரம் அவர் ஏன் சரி என்றார் என்பது இப்போது அவளுக்கு விளங்கியது. நாலாவது வாயில் அவள் நிறுத்துவாள் என்று அவருக்குத் தெரியும். ஐந்து மாதமாக வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் ஆயிற்றே.

"ஒரு வாய்" என்றாள். "உங்களுக்குத்தான் வயிறு முழுசா இருக்கே. ஒரே ஒரு வாய் சாப்புடுங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

அவர் வாசலில் செருப்பைத் தேடினார். செம்பியன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். எச்சில் கை காய்ந்துகொண்டிருந்தது. எழுந்திருக்கவும் இல்லை, அப்பாவைத் தடுக்கவும் இல்லை.

அமராவதி பாயில் சரிந்து உட்கார்ந்தாள். கணவரின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். தொண்டை எரிந்தது. ஒரு பிடி சோற்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். ஜெயராணி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சோற்றை உதிர்த்துவிட்டு, தட்டை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"வுடுங்க அண்ணி. அவரு சோத்த அவருதான் துன்னணும். நீங்க துன்னு செத்துப் போனாலும் அது அவரு துன்னதா ஆவாது."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "வரியா, இல்லியா?" என்று கொளஞ்சியப்பன் அங்கிருந்தே கூப்பிட்டார்.