டிக்கெட் எடுக்காமல் வந்தவர்

டெய்லருக்கு வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை, சூடான இஸ்திரிப் பெட்டியை அடிவயிற்றில் வைத்த மாதிரி எரிந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவருடைய நாய், அவருடைய மச்சானோடு ஒழுங்காக நடந்து போகிறது.

ஒழுங்காகப் போனால் நல்லதுதானே என்பீர்கள். உங்கள் நாயாக இருந்தால் தெரியும். மழையில் நடுங்கிக்கொண்டு கடை வாசலில் கிடந்த குட்டியை எடுத்துவந்து, துண்டுத்துணிக் கூடையில் படுக்கவைத்து, பொத்தான் என்று பேர் வைத்து வளர்த்தவர் அவர். மூக்கு கோட்டுப் பொத்தான் மாதிரி இருந்ததால் அந்தப் பேர். வீட்டுக்குள் பொத்தான் தங்கம். தெருவில் இறங்கினால்தான் வினை. சைக்கிள் வந்தால் பயம், யாராவது குடை விரித்தால் பயம், இன்னொரு நாய் தெருமுனையில் தலைகாட்டிவிட்டால் போச்சு, கத்தி ஊரைக் கூட்டிவிடும். அது கடிக்கிற கோபம் இல்லை, கிட்டே வராதே என்கிற பயம். தெருவுக்கு அதெல்லாம் எங்கே புரிகிறது? நாய் வளர்க்கத் தெரியாத ஆள் என்று டெய்லருக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள்.

நாய் டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். பயப்படுகிற நாயின் கயிற்றில் மஞ்சள் துணி கட்டிவிட்டால், பார்க்கிறவர்கள் விலகிப் போவார்களாம். டெய்லர் ஒரு துண்டுத் துணியோடு விடுவாரா? மஞ்சளில் மேல்சட்டையே தைத்தார். முதுகில் 'இடம் கொடுங்கள்' என்று அழகாகப் பூத்தையலும் போட்டார். அங்கேதான் கெட்டது. மஞ்சளுக்கு அர்த்தம் தெரியாத ஜனம், என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்காகவே கிட்டே வந்து குனிந்தது.

"இதுக்கு மேலயும் இடம் கொடுத்தா, உங்க தலையில ஏறித்தான் உக்காரும்" என்று எதிர்க்கடைக்காரர் குனிந்து படித்துவிட்டுச் சிரித்தார். பொத்தான் குரைத்த குரைப்பில் அவர் கையிலிருந்த டீ அவர் சட்டையிலேயே கொட்டியது. டெய்லர் கயிற்றைக் கையில் நாலு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே நாயைவிட அதிகமாக நடுங்கினார்.

இந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் உள்ளே நுழைந்தார். மனைவியின் அண்ணன், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அடுத்த தெருவில் தனி வீடு, தனி ஆள், பொழுது போகவில்லை. "கொண்டாங்க மாப்ள, நான் ஒரு ரவுண்டு கூட்டிட்டு வர்றேன்" என்று ஒருநாள் காலையில் கயிற்றை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். ஆயுசு முழுக்க "உள்ள போங்க, நெருங்கி நில்லுங்க" என்று கத்திய வாய், இப்போது "தள்ளிப் போங்க சார், தள்ளிப் போங்கம்மா, நாய்க்குப் பயம்" என்று கத்தியது. கண்டக்டர் குரலுக்கு விலகாத ஜனம் உண்டா? தெரு விலகியது. டெய்லர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, கயிறு தொய்வாகத் தொங்க, பொத்தான் தெருமுனை வரை அவர் பக்கத்தில் நடந்தது. திரும்பி வரும்போது வால் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணனுக்கு என்ன ஒரு கைராசி!" என்றாள் மனைவி.

போதாதா? மறுநாள் டெய்லர் தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். எதற்கு? மச்சான் மூக்கறுபடுவதைப் பார்க்கத்தான், வேறெதற்கு. நன்றாகத் தூரம் விட்டு, மரத்துக்குப் பின்னால், நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னால், மதில் ஓரமாக என்று பதுங்கிப் பதுங்கிப் போனார். எதிரே ஒரு பெரிய கறுப்பு நாய் வந்தது. குரைடா, குரைடா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். மச்சான் அவசரப்படாமல் தெருவின் அந்தப் பக்கத்துக்குத் தாண்டி நின்றார். பொத்தான் ஒருமுறை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. பிறகு சத்தமில்லாமல் நடையைக் கட்டியது. பார்த்தியா என் சமர்த்தை என்று நாய் தன்னைக் குத்திக்காட்டுவதாகவே டெய்லருக்குப் பட்டது.

அதற்கப்புறம் ஒருநாள்கூட அவர் பின்தொடராமல் இருந்ததில்லை. ஒருநாள்கூட மச்சான் மூக்கறுபடவும் இல்லை. வீட்டுக்கு வந்தால் பொத்தான்மேல் மச்சானின் சோப்பு வாசனை. அதைப் பொறுக்காமல் நாயைப் பிடித்துக் குளிப்பாட்டினார். "அவர்கிட்ட அப்படி என்னத்தடா கண்ட?" என்று காதோரம் கேட்டார். பொத்தான் அவர் முகத்தை நக்கியது. அதுகூட அவருக்குச் சமாதானம் பண்ணுகிற மாதிரிதான் தெரிந்தது. பொறாமை பிடித்தவனுக்குப் பாயசம் ஊற்றினாலும் பல்லில் கல்தான் அகப்படும்.

ஒருநாள் சாப்பிடும்போது மனைவி மெல்ல ஆரம்பித்தாள். "என்னங்க, பொத்தான் அண்ணன் வீட்டுலயே இருக்கட்டுமே. அங்க சுத்தி காம்பவுண்டு இருக்கு, அவருக்கும் ஒரு துணை. இங்க அது படுற பாடும் போதும், நீங்க படுற பாடும் போதும்."

டெய்லர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மச்சானிடம் தோற்ற மாதிரி ஆகிவிடுமே! "தாராளமா கூட்டிட்டுப் போகட்டும். எனக்கென்ன?" என்றார். வீம்பு பேசின வாய் அன்றைக்கு அதற்குமேல் ஒரு வாய் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்து பொத்தானைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு கையில் கயிறு, மறு அக்குளில் அந்தத் துண்டுத்துணிக் கூடை. பொத்தான் படியில் நின்று டெய்லரைப் பார்த்தது. அவர் மெஷினைப் பார்த்தார். அன்றைக்கு அவர் பின்னால் போகவில்லை. போய் என்னத்தைப் பார்க்க? ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியதில் நூல் எங்கெங்கோ போனது.

நூல் கோத்து முடிவதற்குள் போன் அடித்தது. "மாப்ள, கொஞ்சம் தெருமுனைக்கு வாங்க."

ஓடினார். நடைபாதை நடுவில் பொத்தான் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. மச்சான் கெஞ்சியும் பார்த்தாகிவிட்டது, கொஞ்சியும் பார்த்தாகிவிட்டது, அது அசையவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. டெய்லரைக் கண்டதும் எழுந்து உடம்பெல்லாம் ஆடியது.

"ஏன் மாப்ள, இன்னிக்கு வரல?"

"நான் எங்க வர்றது?"

"அட போங்க மாப்ள. டிக்கெட் எடுக்காம பின்படியில தொத்திட்டு வர்றவனப் பிடிக்கிறதுதான் என் தொழிலே. நீங்க பின்னால வந்த முதல் நாளே பாத்துட்டேன். வேனுக்கு அடியில உங்க செருப்பு தெரிஞ்சுது."

டெய்லருக்கு அந்த நடைபாதையே தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

"நான் பாத்தது பெருசில்ல, இதுவும் பாத்துச்சு. ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு, நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் அடுத்த அடி வைக்கும். கயிறு என் கையில, கண்ணு பூரா உங்க மேல. எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? வீட்டுக்கே கொண்டுபோயிட்டாலாவது என்னைப் பாக்கும்னுதான், தங்கச்சிகிட்ட சொல்லி உங்களைக் கேக்கச் சொன்னேன்."

டெய்லருக்கு வந்த சந்தோஷத்தில் மச்சானுக்காக வருத்தப்படக்கூடத் தோன்றவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் அந்தக் கறுப்பு நாய் திரும்பியது. டெய்லரின் கை தானாகவே கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி இழுத்தது. பொத்தானின் உடம்பு விறைத்தது, தொண்டைக்குள் உறுமல் கிளம்பியது.

"கையைத் தளர்த்துங்க மாப்ள. இடம் கொடுங்க!"

கீழே பார்த்தார். மஞ்சள் முதுகில் அவர் கையால் போட்ட எழுத்து. ஊருக்கென்று தைத்ததை அவர் ஒருநாளும் படித்ததில்லை. சுற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பொத்தானின் உறுமல் அடங்க, மூவருமாகத் தெருவைத் தாண்டி நின்றார்கள். கறுப்பு நாய் அந்தப் பக்கமாகப் போய்விட்டது.

டெய்லர் கயிற்றை மச்சானிடம் நீட்டினார். கொடுக்கும்போது வயிறு எரியத்தான் செய்தது.

"கயிறு உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான். தினமும் வாங்க. அந்தக் கூடையை மட்டும் இப்படிக் கொடுங்க."

கூடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழக்கமான தூரத்துக்குப் பின்வாங்கி, நடுத்தெருவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றார். திருப்பத்தில் பொத்தான் நின்று திரும்பிப் பார்த்தது. மச்சானும் அது பார்த்த பக்கமே பார்த்துப் பெருமூச்சு விட்டார்.